நாய் சொறிகிறதா? மருந்து பூசமுன் இதை வாசியுங்கள்

எங்கள் வீமனுக்கு ஏழாம் மாதத்தில் சொறி தொடங்கியது. முதலில் காது ஓரம், பிறகு முழங்கை, பிறகு வயிறு. இரவில் அவன் சொறியும்போது கால் தரையில் படும் சத்தத்துக்கு வீடே விழித்திருக்கும். ஒன்பது கிழமை, ஐந்து விதமான மருந்து, ஏறத்தாழ 40,000 ரூபா. இதில் முதல் ஐந்து கிழமையும் பாதிக்கு மேற்பட்ட காசும் வீண். என்ன வருத்தம் என்று பார்க்காமலே மருந்து போட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு கண்ணாடித் துண்டும் ஒரு பிளேட்டும் பத்து நிமிடத்தில் விடையைச் சொல்லின.

யாழ்ப்பாணத்தில் முதல் தடவையாக நாய் வளர்க்கிறீர்கள், அது சொறியத் தொடங்கிவிட்டது என்றால் கீழே உள்ள ஒழுங்கில் போங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தவன்.

1. முதல் நாள் மருந்தைத் தொடாதீர்கள், நாயைப் பாருங்கள்

பகல் வெளிச்சத்தில் முற்றத்தில் நிறுத்தி, மயிரை எதிர்த்திசையில் விலக்கிப் பாருங்கள். எங்கே சொறிகிறது என்பதுதான் முதல் துப்பு.

வால் அடியும் இடுப்பும் பின்தொடையும் என்றால் முதலில் தெள்ளைச் சந்தேகியுங்கள். தெள்ளு கண்ணில் படாவிட்டாலும் அதன் எச்சம் கறுப்புத் தூளாக மயிருக்குள் கிடக்கும். அதை ஒரு நனைத்த வெள்ளைக் கடதாசியில் உதிர்த்துப் பாருங்கள். வெறும் மண் கறுப்பாகவே இருக்கும். தெள்ளின் எச்சம் செம்மண்ணிறமாகக் கசியும், ஏனென்றால் அது செரித்த இரத்தம். எங்கள் ஊரோ செம்மண் பூமி என்பதால் இந்தச் சோதனையில் கொஞ்சம் கவனம் தேவை. நனைந்த பிறகு அந்தத் தூளைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவுகிறதா என்று பாருங்கள்.

காது ஓரம், முழங்கை, பின்கால் குதி, வயிறு ஆகிய இடங்களில் பொருக்கும், நாய் தூங்கவே முடியாத அளவு சொறியும் இருந்தால் அது ஸார்கொப்டிஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியாக இருக்கலாம். காது மடலின் ஓரத்தை இரண்டு விரலுக்கு இடையில் வைத்து மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். அந்தப் பக்கப் பின்கால் தானாகச் சொறியத் தூக்கினால் சந்தேகம் வலுக்கிறது. இது முடிந்த முடிவு இல்லை, ஆனால் வைத்தியரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

குட்டி நாயில் கண்ணைச் சுற்றியும் வாய் ஓரத்திலும் முன்பாதத்திலும் மயிர் கொட்டி, சொறி மட்டும் அவ்வளவாக இல்லை என்றால் டெமொடெக்ஸ் என்ற இன்னொரு சிற்றுண்ணி. இது மனிதருக்கும் தொற்றாது, பக்கத்து வீட்டு நாய்க்கும் தொற்றாது. வட்டம் வட்டமாக மயிர் போய்ச் செதில் தெரிந்தால் படர்தாமரை. பிசுபிசுப்பும் புளித்த மணமும் காதிலும் விரலிடுக்கிலும் இருந்தால் ஈஸ்ட் எனப்படும் பூஞ்சை.

ஐந்தும் ஒன்றையொன்று போலத் தோன்றும். சொறிந்து சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்தபின் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால்தான் முதல் கிழமையிலேயே பார்ப்பது நல்லது.

2. கைவைத்தியத்தில் இவற்றை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்

நாய்க்குச் சொறி என்று தெரிந்தால் ஒழுங்கை முழுவதும் வைத்தியர்தான். எனக்கும் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

பழைய எஞ்சின் ஒயில் பூசச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிற்றுண்ணி மூச்சுத் திணறிச் சாகும் என்பது கதை. நாய் அதை நக்கும். தோல் வெந்துபோகும், எண்ணெயில் உள்ள நஞ்சு ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். மண்ணெண்ணெய்க்கும் இதே பதில். புண்ணில் புழு வைத்தால் பூச்சி உருண்டையைப் பொடியாக்கிப் போடுவதும் உண்டு. அது நாய்க்கு நஞ்சு, செய்யவே வேண்டாம்.

மாட்டுக்கு உண்ணி அடிக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுவது அடுத்த ஆபத்து. மாட்டுக்கு ஏற்றும் ஐவர்மெக்டின் ஊசிமருந்தை யாரோ ஒருவர் “ஒரு சொட்டுப் போதும்” என்று ஏற்றிவிடுவது அதைவிடப் பெரியது. அந்த மருந்து ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் செறிவில் வருவது. நாய்க்கு அளவு மைக்ரோகிராமில் கணக்குப் பார்க்க வேண்டும், பத்து மடங்கு பிழைவிடுவது மிக எளிது. கொலி வகை நாய்களுக்கும் சில அல்சேஷன்களுக்கும் பிறப்பிலேயே இந்த மருந்தைத் தாங்க முடியாத குறை உண்டு. எச்சில் ஒழுகுதல், தள்ளாட்டம், நடுக்கம், பார்வை மங்குதல் என்று போய் உயிரே போகலாம். கணக்குத் தெரிந்த வைத்தியர் தருவது வேறு விஷயம்.

வேப்பெண்ணெய் பற்றிக் கேட்பீர்கள். கலக்காத எண்ணெய் புண்பட்ட தோலில் எரியும், நாய் நக்கி வாந்தி எடுக்கும். வேப்பிலை அவித்த தண்ணீர் தீங்கு குறைந்தது, ஆனால் அது சிற்றுண்ணியைத் தீர்க்காது. நான் இரண்டு கிழமை அதிலேயே கழித்தேன். வீமன் மணமாக இருந்தான், சொறி அப்படியே இருந்தது.

உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் தோல் கிறீமும் வேண்டாம். அதில் பெரும்பாலும் ஸ்டீரொயிட் இருக்கும். படர்தாமரையும் டெமொடெக்ஸும் ஸ்டீரொயிட் பட்டால் இன்னும் பரவும்.

3. ஒரு கொப்பி, ஒரு அட்டை, ஒரு நிறை

வைத்தியரிடம் போகமுன் ஆயத்தம் செய்ய வேண்டியவை இவை. நான் வெறுங்கையோடு போய்த்தான் முதல் தடவை அரைகுறையாகத் திரும்பினேன்.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி அட்டை கட்டாயம். சோதனைக்காகத் தோலைச் சுரண்டும்போது எந்த அமைதியான நாயும் கடிக்கப் பார்க்கும். யாருக்காவது பல் பட்டால் முதலில் கேட்கப்படுவது அந்த அட்டைதான். அட்டை இல்லையென்றால் தடுப்பூசியை முதலில் போட்டுவிடுங்கள், வருடம் ஒருமுறை போடுவது. அரசு நடத்தும் தடுப்பூசி நாட்களில் இலவசமாகவே போடுகிறார்கள். மாநகரசபையில் அல்லது உங்கள் பிரதேச சபையில் நாயைப் பதியப் போகும்போதும் அதே அட்டை தேவைப்படும். இரண்டு பிரதி எடுத்து வையுங்கள், கைத்தொலைபேசியிலும் ஒரு படம்.

கொப்பியில் எழுத வேண்டியவை: சொறி எந்தத் திகதியில் எந்த இடத்தில் தொடங்கியது, இதுவரை என்ன பூசினீர்கள், என்ன ஊசி போட்டார்கள், வீட்டில் வேறு நாய் பூனை உண்டா, வீட்டு ஆட்களுக்குச் சொறி உண்டா, முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா. பூசிய மருந்தின் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், கொண்டுபோங்கள்.

நாயின் நிறை தெரியாமல் மருந்து இல்லை. நீங்கள் மட்டும் தராசில் ஏறுங்கள், பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், கழித்துப் பாருங்கள். வீமன் 14 கிலோ. தராசுக்காரர் சிரித்தார், இருக்கட்டும்.

மிக முக்கியமானது: காட்டப் போவதற்கு முந்திய சில நாட்கள் குளிப்பாட்டாதீர்கள். வைத்தியர் முன் நாய் சுத்தமாக இருக்கவேண்டும் என்று நான் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டிக் கொண்டுபோனேன். பார்க்க வேண்டிய பொருக்கும் எச்சமும் கிணற்றடியிலேயே போய்விட்டன.

4. எங்கே, எப்போது போவது

இரண்டு வழி. ஒன்று, உங்கள் பகுதிக்குரிய அரச கால்நடை வைத்தியர் அலுவலகம். என்னிடம் பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை, மருந்தை வெளியே வாங்கத் துண்டு தந்தார்கள். ஆனால் இந்த அலுவலகங்களின் வேலையில் பெரும்பகுதி மாடும் ஆடும் கோழியும். வைத்தியர் வெளிக்களத்துக்குப் போயிருக்கலாம். காலையில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். இன்னொன்று தனியார் கிளினிக். பின்னேரத்திலும் இருப்பார்கள், நாய் பூனை பார்த்துப் பழகியவர்கள், காசு கூட.

எதற்குப் போனாலும் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்க்கும் வசதி இருக்கிறதா?” இல்லையென்றால் அடுத்த இடத்துக்கு எடுங்கள். நான் முதலில் போன இடத்தில் வீமனைக் கைவைத்தும் பார்க்காமல் ஓர் ஊசி போட்டார்கள். அடுத்த நாளே சொறி நின்றது, எனக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார். பன்னிரண்டாம் நாள் சொறி இரட்டிப்பாகத் திரும்பியது. அது ஸ்டீரொயிட் ஊசி. சொறியை அடக்கியது, காரணத்தைத் தொடவில்லை.

போக்குவரத்தையும் யோசியுங்கள். ஓட்டோ அண்ணையிடம் முன்கூட்டியே “நாய் ஒன்று, தோல் வருத்தம்” என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஏற்றி, பாதி வழியில் இறக்கிவிடப்பட்டவன் நான். பழைய படுக்கை விரிப்பு ஒன்றை விரித்து ஏற்றினால் பெரும்பாலானோர் சம்மதிப்பார்கள். வந்தவுடன் அந்த விரிப்பைச் சுடுதண்ணீரில் போடுங்கள்.

5. சுரண்டிப் பார்ப்பது

பிளேட்டின் மொட்டைப் பக்கத்தில் ஒரு துளி எண்ணெய் விட்டு, தோலைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்ப்பார்கள். டெமொடெக்ஸ் மயிர்க்காலின் அடியில் இருப்பது. அதனால் இலேசாக இரத்தம் கசியும் வரை சுரண்டுவார்கள், பதறவேண்டாம். சீழ் இருந்தால் ஒட்டுநாடாவை ஒட்டியெடுத்துப் பார்ப்பதும் உண்டு.

ஒரு பொறி இங்கே இருக்கிறது. ஸார்கொப்டிஸ் சிற்றுண்ணி தோலில் மிகக் குறைந்த எண்ணிக்கையில்தான் இருக்கும். சுரண்டலில் ஒன்றும் அகப்படவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. அடையாளங்கள் பொருந்தினால் வைத்தியர் அதற்கே மருந்து தொடங்குவார், அது சரியான வழிதான். டெமொடெக்ஸில் நிலைமை எதிர்மாறு. ஆழச் சுரண்டினால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

படர்தாமரை என்ற சந்தேகம் வந்தால் மயிரை வளர்ப்புச் சோதனைக்கு (அதில் பூஞ்சை வளர்கிறதா என்று பார்ப்பது) அனுப்பச் சொல்வார்கள், முடிவு வரச் சில கிழமைகள் எடுக்கலாம். எதுவும் பிடிபடாத பிடிவாதமான தோலுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஏ9 வழியாக நாயோடு போவது ஒரு முழுநாள் வேலை. இங்கே எழுதித் தரும் துண்டு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

6. மருந்து வாங்கும்போது

இப்போது தெள்ளு, உண்ணி, சிற்றுண்ணி மூன்றுக்கும் ஒரே குளிசை தருவது பரவலாகிவிட்டது. நெக்ஸ்கார்ட் மாதம் ஒன்று, பிரவெக்டோ பன்னிரண்டு கிழமைக்கு ஒன்று. இரண்டுமே நிறைக்கு ஏற்ற பெட்டியில் வருபவை. பெரிய நாயின் குளிசையை வாங்கி இரண்டு சின்ன நாய்க்கு உடைத்துக் கொடுத்தால் மிச்சம் என்று கணக்குப் போடாதீர்கள், மருந்து துண்டுகளில் சமமாக இருக்கும் என்று உறுதியில்லை. பிரவெக்டோவைச் சாப்பாட்டோடு கொடுக்கவேண்டும், வெறுவயிற்றில் சரியாகச் சுவறாது. வலிப்பு வந்த நாய் என்றால் இந்த வகை மருந்தைப் பற்றி வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். குட்டி என்றால் வயதையும் சொல்லுங்கள்.

ஒரு குளிசையின் விலை கேட்டவுடன் தலை சுற்றும். எனக்கும் சுற்றியது. வேப்பிலை, பவுடர், ஷாம்பு, ஊசி என்று நான் முதல் ஐந்து கிழமையில் விட்ட காசில் அதை வாங்கி மிச்சமும் இருந்திருக்கும். இறக்குமதி மருந்து என்பதால் கடைக்குக் கடை விலை வேறுபடும், இரண்டு இடத்தில் கேளுங்கள். காலாவதித் திகதியைக் கண்ணால் பாருங்கள்.

சீழுக்கு அன்டிபயோட்டிக் தந்தால் பெரும்பாலும் மூன்று கிழமை வரை போகும். ஐந்தாம் நாள் புண் காய்ந்ததைப் பார்த்து நிறுத்தினால் மறுபடி வரும், அடுத்தமுறை அதே மருந்து கேட்காமலும் போகலாம். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை தந்தால் நாய் அதிகம் தண்ணீர் குடித்து அடிக்கடி மூத்திரம் பெய்யும். அது எதிர்பார்த்ததுதான். அதைச் சட்டென்று நிறுத்தக்கூடாது, அளவைக் குறைத்துக்கொண்டு வரவேண்டும்.

வீட்டில் பூனை இருந்தால் ஒரு எச்சரிக்கை. நாயின் முதுகில் விடும் சில சொட்டுமருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. அது பூனையைக் கொல்லும். ஒன்றையொன்று நக்கினாலே போதும்.

7. குளிப்பாட்டுவதில் கிணற்றுத் தண்ணீர்ப் பிரச்சினை

எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருப்பவை, தண்ணீர் கடினமானது. ஷாம்பு நுரைக்காது, நாம் இன்னும் ஊற்றுவோம், கழுவினால் முழுதாகப் போகாது, மிஞ்சியதே சொறியைத் தரும். தீவுப்பகுதி உவர்த் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். மழைநீர் சேமித்திருந்தால் கடைசிக் கழுவலுக்காவது அதை வையுங்கள். இல்லையென்றால் ஷாம்புவை ஒரு சட்டியில் தண்ணீரோடு கலக்கிவிட்டு ஊற்றுங்கள், கழுவும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள்.

மனிதரின் ஷாம்பு நாய்த் தோலுக்குப் பொருந்தாது. வைத்தியர் குளோரெக்சிடின் ஷாம்பு எழுதித் தந்தால் அதற்கு முன் சவர்க்காரம் போடாதீர்கள். சவர்க்காரம் அதன் வலுவைக் குறைத்துவிடும். பூசியபின் பத்து நிமிடம் ஊறவேண்டும். இதைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். பூசிய உடனே கழுவினால் ஷாம்பு விலைக்கு வெறும் நுரை வாங்கியதுதான். நான் மாமர நிழலில் கட்டிவிட்டு, பக்கத்தில் இருந்து கைத்தொலைபேசியில் நேரம் வைப்பேன். பத்து நிமிடம் எவ்வளவு நீளமானது என்று அப்போதுதான் தெரிந்தது.

துவாயால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கக்கமும் விரலிடுக்கும் காயவேண்டும். மாரியில், ஐப்பசி கார்த்திகை மழையில், வெயில் இல்லாத நாளில் மாலை நேரக் குளிப்பை விடுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். முதுகில் விடும் சொட்டுமருந்து போட்டிருந்தால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பு இல்லை.

8. வீடும் வளவும்

நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்தால் பாதி வேலை. தெள்ளில் வளர்ந்த பூச்சி மட்டுமே நாயில் இருக்கிறது. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் படுக்கையிலும் தரை வெடிப்பிலும் மணலிலும் கிடக்கின்றன. கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருந்து வெளிவரும். குளிசை கொடுத்தபின்னும் சில கிழமைகளுக்குப் புதிய தெள்ளு தெரியும். மருந்து பிழை என்று முடிவுகட்டாதீர்கள்.

உண்ணியோ சுவரில் ஏறும். நாய் படுக்கும் மூலையில் சுவர் வெடிப்பு, நிலைக்கதவின் இடுக்கு, கிடுகு வேலியின் அடி ஆகிய இடங்களைப் பாருங்கள். வெடிப்பைச் சீமெந்தால் பூசிவிடுவது ஒருமுறைச் செலவு, ஆனால் மருந்தைவிடப் பலன் தந்தது. படுக்கைத் துணியைக் கிழமைக்கு ஒருமுறை சுடுதண்ணீரில் தோய்த்து நல்ல வெயிலில் போடுங்கள். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சம் இல்லை. வளவில் பாதீனியம் முளைத்திருந்தால் கையுறை போட்டுப் பிடுங்குங்கள். மனிதருக்கும் மாட்டுக்கும் தோல் ஒவ்வாமை தரும் செடி அது, நாய் அதில் புரளாமல் இருப்பது நல்லது.

உண்ணியை விரலால் நசுக்காதீர்கள். தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். ஊதுபத்தியால் சுடுவது வேண்டாம்.

வீட்டில் எத்தனை நாய் இருந்தாலும் ஒரே நாளில் மருந்து. ஒன்று மிஞ்சினால் எல்லாம் மறுபடி முதலில் இருந்து.

9. வீட்டு ஆட்களுக்குச் சொறிந்தால்

அம்மாவின் கையிலும் வயிற்றிலும் சிவப்புப் புள்ளிகள் வந்தன. ஸார்கொப்டிஸ் மனிதர் மேல் ஏறும், கடிக்கும், ஆனால் நாயின் சிற்றுண்ணி மனிதத் தோலில் குடும்பம் நடத்தாது. நாய் சுகமானபின் சில கிழமைகளில் தானாகப் போகும். படர்தாமரை அப்படியில்லை, அதற்கு மனிதருக்கும் தனி மருந்து வேண்டும். எதுவானாலும் வைத்தியரிடம் போகும்போது “வீட்டில் நாய்க்குச் சொறி” என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள். அம்மா அதைச் சொல்ல வெட்கப்பட்டதில் இரண்டு கிழமை வேறு மருந்து பூசினார்.

10. சாப்பாட்டைக் கடைசியில் சந்தேகியுங்கள்

“கருவாடு போட்டதால் வந்தது” என்பார்கள். சாப்பாட்டு ஒவ்வாமை உண்டுதான், ஆனால் பூச்சிகளையும் சீழையும் பூஞ்சையையும் தீர்த்தபின்தான் அதைப் பார்க்கவேண்டும். பார்ப்பது என்றால் முன்பு ஒருபோதும் தின்னாத ஒரு இறைச்சியும் ஒரு மாப்பொருளும் மட்டும், குறைந்தது எட்டுக் கிழமை. கோழியும் மீனும் தின்று வளர்ந்த நாய்க்கு ஆட்டிறைச்சி என்றால் செலவை யோசித்துப் பாருங்கள். வேலிக்கு மேலால் யாரோ எறியும் ஒரு பாண் துண்டும் முழுக் கணக்கையும் கெடுத்துவிடும்.

11. காத்திருக்கக்கூடாத நேரங்கள்

முகம் திடீரென வீங்கினால், மூச்சுத் திணறினால், புண்ணில் புழு நெளிந்தால் அன்றே ஓடுங்கள். உண்ணி ஏறிய நாய் சாப்பாட்டை மறுத்து, காய்ச்சலோடு படுத்து, ஈறு வெளிறி, மூக்கால் இரத்தம் வந்தால் அல்லது மூத்திரம் தேயிலைச் சாயம் போல வந்தால் அது தோல் விஷயமே இல்லை. உண்ணி பரப்பும் இரத்த நோயாக இருக்கலாம். இரத்தச் சோதனை கேளுங்கள், அடுத்த நாள் காலை வரை விடாதீர்கள்.

12. எத்தனை நாள்

தெள்ளு என்றால் வீட்டோடு சேர்த்து மூன்று மாதம். ஸார்கொப்டிஸ் மூன்று நான்கு கிழமையில் அடங்கும். மருந்து தொடங்கிய முதல் சில நாட்களில் சொறி கூடுவதும் உண்டு, அதைப் பார்த்துப் பயந்து மாற்றாதீர்கள். படர்தாமரை ஆறு கிழமைக்குக் குறையாது. டெமொடெக்ஸ் மாதங்கள். ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடவை சுரண்டி, இரண்டிலும் சிற்றுண்ணி இல்லை என்று ஆனபின்தான் நிறுத்துவார்கள்.

வீமனுக்கு ஸார்கொப்டிஸ். குளிசை கொடுத்து ஆறாம் நாள் இரவு வழக்கமான கால் சத்தம் கேட்காமல் எழுந்துபோய்ப் பார்த்தேன், மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். காது ஓரத்தில் மயிர் வர இன்னும் ஒரு மாதம் ஆனது. அடுத்த குளிசைத் திகதியைச் சமையலறைக் கலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். போன தடவை அதை மறந்து பதினொரு நாள் பிந்தியது, அந்தப் பதினொரு நாளுக்குள் இடது காதில் மூன்று உண்ணி.